அப்பா கட்டிய வீட்டை விற்பதற்கு முன்: எதில் செலவு செய்வது, எதை விட்டுவிடுவது

கேள்வி சுருக்கமாக இதுதான். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு கிரவுண்ட் மனையில் 1994-இல் அப்பா கட்டிய தனி வீடு. அப்பா 2019-இல் காலமாகிவிட்டார், உயில் இல்லை. இப்போது உரிமை உள்ளவர்கள் அம்மா, கேள்வி கேட்டவர், அவருடைய தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் தங்கை. வீட்டை விற்க முடிவு செய்துவிட்டார்கள். விற்பதற்கு முன் 4 லட்சம் செலவழித்துப் பெயிண்ட், மாடுலர் கிச்சன், குளியலறை டைல்ஸ் எல்லாம் மாற்றினால் 10 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று புரோக்கர் சொல்கிறார். செய்யலாமா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

அந்த 4 லட்சத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். வங்கிகளுக்காகவும் வீடு வாங்குபவர்களுக்காகவும் பத்திரங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் கொடுப்பது என் வேலை. பேசிய விலை எந்த இடத்தில் இறங்குகிறது என்பதை வாங்குபவர் பக்கத்திலிருந்து பல வருடமாகப் பார்த்துவருகிறேன். சமையலறை பழசாக இருக்கிறது என்று விலையைக் குறைத்தவர்கள் உண்டு, ஆனால் அது சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு பத்திரத்தில் ஒரு குறை வெளிவந்தால் லட்சக்கணக்கில் இறங்கும். அந்த நேரத்தில் விற்பவரிடம் பேரம் பேசும் பலமே இருக்காது.

முதலில் உங்கள் வீட்டை யார் வாங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். 30 வருடம் தாண்டிய தனி வீட்டுக்குச் சென்னைப் புறநகரில் இரண்டு வகையான ஆட்கள் வருவார்கள். ஒருவர் குடும்பத்தோடு குடிவரப் பார்ப்பவர். மற்றவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறவர், அல்லது பில்டர். இரண்டாமவர் உங்கள் மாடுலர் கிச்சனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சாலை எத்தனை அடி, மனையின் முகப்பு எத்தனை அடி, எந்தத் திசை, இதுதான் அவர் கணக்கு. 2019 கட்டட விதிகளின்படி சாதாரண வீடுகளுக்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ 2. அதாவது உங்கள் 2,400 சதுர அடி மனையில், பக்க இடைவெளி விதிகளுக்கு உட்பட்டு, 4,800 சதுர அடி வரை கட்ட இடம் உண்டு. அவர் விலை சொல்வது அதை வைத்துத்தான். குடிவரப் பார்ப்பவரோ பெரும்பாலும் வங்கிக் கடன் போடுவார். வங்கியின் இன்ஜினீயர் மனைக்கு ஒரு மதிப்பும், வயதைக் கழித்துக் கட்டடத்துக்கு ஒரு மதிப்பும் போடுவார். 30 வருடக் கட்டடத்துக்கு அவர் போடும் தொகை புது டைல்ஸால் பெரிதாக ஏறப்போவதில்லை. நல்ல அடுக்குமாடி பிளாட்டாக இருந்திருந்தால், அல்லது 10 வருட வீடாக இருந்திருந்தால், என் பதில் கொஞ்சம் மாறியிருக்கும்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் நேரமும் பணமும் போக வேண்டும்.

அப்பா பெயரில் இருந்த சொத்து, அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் இல்லை. நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. தமிழ்நாட்டில் 1989-இலும், பிறகு நாடு முழுவதும் 2005-இலும் பெண்களுக்குச் சாதகமாக வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு அதற்கும் முன்பிருந்தே உண்டு. தங்கைக்குக் கல்யாணமாகி எத்தனை வருடமானாலும், எத்தனை பவுன் போட்டிருந்தாலும், அவர் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டை முழுதாக விற்க முடியாது.

இன்னொரு கேள்வியை நான் எப்போதும் கேட்பேன், பாதிப் பேர் யோசித்தே இருக்க மாட்டார்கள்: 2019-இல் அப்பா இறந்த அன்று அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் முதல் நிலை வாரிசு. பங்கு நான்கு இல்லை, ஐந்து. பாட்டி அதற்குப் பிறகு உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அந்த ஐந்தில் ஒரு பங்கு பாட்டியின் வாரிசுகளுக்குப் போகும். உங்கள் சித்தப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் அதற்குள் வந்துவிடுவார்கள். அத்தைக்கே தெரியாமல் அவருக்கு இந்த வீட்டில் ஒரு சின்னப் பங்கு இருக்கும். வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்போது அட்வான்ஸ் வாங்கிய நிலையில் அத்தை வீட்டுக்கு ஓடுவதைவிட, இப்போதே நிதானமாகப் போய், விஷயத்தைச் சொல்லி, பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது நல்லது. அவர் பங்குக்குப் பணம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அது அவருடைய உரிமை. பாட்டி அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஆனால் அவருடைய இறப்புச் சான்றைத் தேடி எடுத்து வையுங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. அவர்கள் இந்தப் பத்தியை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது. அப்பா இறந்தபோதே வாங்கியிருப்பீர்கள். அதில் பெயர்கள் ஆதார், பான் அட்டையில் இருப்பது மாதிரியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் மாறியிருப்பது, தங்கைக்குக் கணவர் பெயர் சேர்ந்திருப்பது எல்லாம் சகஜம்தான். ஆனால் பதிவு நாளன்று சார்பதிவாளர் முன்னால் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. வாரிசுகளில் யாராவது இறந்து, அவருடைய பிள்ளைகள் மைனராக இருந்தால் தனி விஷயம். மைனர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

தங்கை விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். "அவள் ஒன்றும் கேட்க மாட்டாள்" என்று அண்ணன்மார்கள் முன்கூட்டியே முடிவுகட்டி, விடுதலைப் பத்திரத்தைத் தயார் செய்துகொண்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கை உண்மையிலேயே விட்டுக்கொடுக்க விரும்பினால் அது அவருடைய முடிவாக, வீட்டின் தற்போதைய விலை தெரிந்த பிறகு எடுத்த முடிவாக இருக்கட்டும். விலையை மறைத்து வாங்கிய கையெழுத்துகள் பல குடும்பங்களைக் கோர்ட்டில் நிறுத்தியிருக்கின்றன. புரோக்கரிடம் பேசுவதற்கு முன் நான்கு பேரும் ஒரு வீடியோ காலில் உட்கார்ந்து, எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை, யாருக்கு எவ்வளவு, அம்மா எங்கே இருப்பார் என்ற மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். அம்மாவுக்கும் நான்கில் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பணம் அவர் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும்.

தங்கை நேரில் வர முடியாவிட்டால் பவர் கொடுக்க வேண்டும், அதாவது தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்வது. இந்த மூன்று மாதத்தைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். பவரை வைத்து விற்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். முடிந்தால் பதிவு நாளுக்கு அவரையே வரச் சொல்லுங்கள் என்பதுதான் என் விருப்பம். வாங்குபவருக்கும் அதில்தான் நம்பிக்கை.

அடுத்து வில்லங்கச் சான்று (ஈ.சி.), அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே ஈ.சி. பார்க்கலாம். வாங்குபவர் தரப்பு குறைந்தது 30 வருடம் பார்க்கும், நீங்கள் அப்பா மனை வாங்கிய வருடத்துக்கும் முன்னால் தொடங்கிப் பாருங்கள். அதில் தேட வேண்டியது முக்கியமாக அடமானம். 1990-களில் வீடு கட்டிய பலர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்திலோ, வங்கியிலோ, ஆபீஸிலோ கடன் வாங்கியிருப்பார்கள். கடனைக் கடைசித் தவணை வரை கட்டியிருப்பார்கள், அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிவு செய்ய மறந்திருப்பார்கள். ஈ.சி.யில் அந்த அடமானம் இன்றைக்கும் உயிரோடு நிற்கும். கடன் கொடுத்த அலுவலகம் இடம் மாறியிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம், பழைய லெட்ஜர் தேட வேண்டியிருக்கலாம். இதற்குச் சில வாரங்கள் ஓடிவிடும். சமீபத்தில் அடைத்த வங்கிக் கடன் என்றால் நிலைமை பரவாயில்லை. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் பத்திரம் கைக்கு வந்தால் போதாது. பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு (எம்.ஓ.டி.) ஈ.சி.யில் இருந்தால் அதற்கான ரத்து ரசீதும் ஈ.சி.யில் ஏற வேண்டும்.

அசல் கிரயப் பத்திரமும், அதற்கு முந்தைய உரிமையாளர்களின் தாய்ப் பத்திரங்களும் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அசல் தொலைந்திருந்தால் போலீஸில் புகார், நாளிதழில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பதிவு அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகல் என்று போக வேண்டும். இது இருந்தாலும் சில வங்கிகள் கடன் தரத் தயங்கும். பத்திரத்தில் சர்வே எண்ணோ, நான்கு எல்லையோ, அளவோ தவறாக இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதில் அப்பாவுக்கு விற்றவர், அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகள், வந்து கையெழுத்துப் போட வேண்டும். 30 வருடத்துக்கு முன் மனை விற்றவரைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பாருங்கள். இதனால்தான் குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

பட்டா. வருவாய்த் துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள். அப்பா பெயரில் இருந்தால் நான்கு பேர் பெயருக்கும் கூட்டுப் பட்டாவாக மாற்ற விண்ணப்பியுங்கள். லேஅவுட் போட்டவர் பெயரிலேயே இன்னும் இருந்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாள் பிடிக்கும். நகர்ப்பகுதியில் நகர நில அளவை முடிந்து வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று மாறியிருக்கும். பத்திரத்தில் உள்ள பழைய சர்வே எண்ணுக்கும் புது எண்ணுக்கும் தொடர்பு காட்டும் சான்று வேண்டும். பத்திரத்தில் 2,400, பட்டாவில் 2,370, தரையில் அளந்தால் 2,350 என்று மூன்று அளவு வருவது சாதாரணம். வாங்குபவர் மூன்றில் குறைந்ததுக்குத்தான் பணம் தருவார். அதனால் விலையை எந்த அளவுக்குச் சொல்கிறீர்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மதில் அரையடி உள்ளே வந்திருந்தால் அதைப் பேசித் தீர்க்கும் ஆள் நீங்கள்தான். 30 வருடப் பழக்கம் உங்களுக்குத்தான் இருக்கிறது, புதிதாக வருபவருக்கு இல்லை.

கட்டட அனுமதி வரைபடம் இருக்கிறதா? கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கி, பிறகு அனுமதியில்லாமல் மாடி எடுத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் அப்படித்தான். இரண்டுக்கும் சேர்த்துச் சொத்து வரி கட்டுவதால் மாடி அனுமதி பெற்றதாகிவிடாது. வங்கி மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம், வாங்குபவருக்குக் கடன் தொகை குறையும். இதை மறைக்க முடியாது, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டு வேலை என்று நான் செலவு செய்யச் சொல்வது மிகச் சில. மொட்டை மாடியில் ஒழுகல் இருந்தால் அதைச் சரி செய்யுங்கள். பழைய வீடுகளில் தட்டோடு பதித்த இணைப்புகளில்தான் நீர் இறங்கும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அதன் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைப்பதை நான் ஏற்க மாட்டேன். அடுத்த மழையில் தெரிந்துவிடும் என்பது ஒரு பக்கம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவரே சொல்ல வேண்டும் என்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் எப்படி மூழ்கின என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதா, எவ்வளவு உயரம் என்று வருகிறவர் கேட்பார். கேட்காவிட்டாலும் தெருமுனைக் கடையில் விசாரிப்பார். உள்ளதைச் சொல்லுங்கள். நிற்கவே இல்லையென்றால் அதுவே உங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய விலை.

அப்புறம் குழாய் ஒழுகல், ஓடாத மோட்டார், சம்ப் சுத்தம், உடைந்த சுவிட்ச், இழுத்தால் வராத கதவு. இவை சின்னச் செலவுகள்தான், ஆனால் வீட்டைப் பார்க்க வருகிறவர் கை வைக்கிற இடங்கள். வெளுத்துப் போயிருந்தால் உள்ளே ஒரே வெளிர் நிறத்தில் ஒரு கோட்டிங் போதும். போர் தண்ணீர் உப்பா நல்லதா என்று சோதித்த ரிப்போர்ட் ஒன்று வைத்திருந்தால் பேச்சு சுலபமாகும். வாஸ்துவுக்காகக் கதவை இடம் மாற்றாதீர்கள். ஒருவருக்குப் பிடித்த வாஸ்து இன்னொருவருக்குப் பிடிக்காது.

பரணைக் காலி செய்வது பணம் கேட்காத வேலை, ஆனால் மனசுக்குக் கஷ்டமான வேலை. அப்பாவின் பொருட்களை அம்மா சம்மதத்தோடு, அவர் வேகத்தில் பிரியுங்கள். ஆள் வரப்போகிற அவசரத்தில் மூட்டை கட்ட வேண்டாம். வீட்டைக் காட்டுவதையும் சனி, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் நினைத்த நேரத்துக்கெல்லாம் ஆளைக் கூட்டிவந்தால் அந்த வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது வேதனை.

விலைக்கு வருகிறேன். பத்திரப் பதிவுக்காக அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இணையத்தில் கிடைக்கும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் விலை, கடந்த ஒரு வருடத்தில் பக்கத்துத் தெருக்களில் உண்மையில் முடிந்த விலைகளிலிருந்து வர வேண்டும். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை, முடிந்த விலை அல்ல. புரோக்கர் கமிஷன் வழக்கமாக 1 முதல் 2 சதவீதம். எவ்வளவு, எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்று ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள். பத்திர நகலை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உண்மையாக வாங்க வருகிறவருக்கு மட்டும், "பார்வைக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதிய நகல் கொடுங்கள். அசலை அவர் வக்கீல் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

ஒரு விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன். சிலர் சின்ன அட்வான்ஸ் கொடுத்து ஆறு மாதம், ஒரு வருடத்துக்குக் கிரய ஒப்பந்தம் போடுவார்கள். ஒப்பந்தத்தில் "எனக்கோ, நான் காட்டும் நபருக்கோ" என்று ஒரு வரி இருக்கும். அவர் வீடு வாங்க வந்தவர் இல்லை. உங்கள் வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதிக விலைக்கு ஆள் தேடப் போகிறவர். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவானால் அது ஈ.சி.யில் ஏறிவிடும். ஆள் கிடைக்கவில்லை என்று அவர் விலகினாலும், ரத்துப் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் ஈ.சி. சுத்தமாகும். அதற்கு ஒரு தொகை கேட்பவர்களும் உண்டு. அதனால் அட்வான்ஸ் 10 சதவீதத்துக்குக் குறையாமல், காலம் மூன்று மாதத்துக்கு மிகாமல், வாங்குபவர் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் போடுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எப்படித் திரும்பும், வீட்டில் ஏசி, மோட்டார், இன்வெர்ட்டர் எதெல்லாம் விட்டுப் போகிறீர்கள், என்றைக்குக் காலி செய்வீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

பணத்தில் பாதியை ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று கட்டாயம் ஒருவர் வருவார். அவருக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் செலவு. 90 லட்சத்துக்கு 8,10,000 ரூபாய். அதைக் குறைக்கப் பார்க்கிறார். உங்களுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, ஆபத்து மட்டும்தான். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. வழிகாட்டி மதிப்பு, காட்டும் விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், வரிக்கு வழிகாட்டி மதிப்பையே எடுத்துக்கொள்வார்கள். முழுத் தொகையும் வங்கி வழியாகவே வரட்டும்.

வரியைப் பார்த்துத்தான் பலர் பயந்து ரொக்கத்துக்குப் போகிறார்கள். ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டால் பயம் குறையும். 90 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். 2001-க்கு முந்தைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்குங்கள். 6 லட்சம் என்று வந்தால், 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி 84 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 10,50,000. நான்கு பேருக்கும் தனித்தனியே பிரிந்தால் ஆளுக்கு 2,62,500, அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. இந்தியாவில் வசிப்பவர்களுக்குப் பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய வழியும் ஒப்பிட்டுப் பார்க்க உண்டு. 2025-26-க்கான குறியீடு 376. 6 லட்சம் 22,56,000 ஆகும், வரி 13,48,800 வரும். உங்களுக்குப் புது வழிதான் லாபம். இதுவே 2013-14-இல் 45 லட்சத்துக்கு வாங்கி இப்போது 70 லட்சத்துக்கு விற்கும் பிளாட் என்றால் கதை தலைகீழ். குறியீடு 220-லிருந்து 376 ஆனதில் அடக்க விலை ஏறத்தாழ 76,90,000 ஆகிவிடும், வரியே இல்லை. அதனால் யாரோ சொன்ன சதவீதத்தை நம்பாமல் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இந்த வரியையும் சட்டப்படியே குறைக்கலாம். லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால், விற்ற தேதிக்கு ஒரு வருடம் முன் அல்லது இரண்டு வருடத்துக்குள், கட்டினால் மூன்று வருடத்துக்குள், விலக்கு உண்டு. வீடு வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற நிறுவனங்களின் வரிவிலக்குப் பத்திரங்களில் ஒருவர் 50 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது. உங்கள் ஒவ்வொருவர் பங்கும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. அம்மாவுக்கு இது நிம்மதியான வழி, ஆண்டுதோறும் வட்டியும் வரும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு வாங்கி முடியவில்லையென்றால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் விட்டால் விலக்குப் போய்விடும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் வாங்குபவர் பணம் தரும்போதே 1 சதவீதத்தை வரியாக (டி.டி.எஸ்.) பிடிப்பார். அம்மாவின் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். செயலிழந்த பான் என்றால் 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும். தங்கை வெளிநாட்டில் வசிப்பவர், அவருக்குக் கணக்கே வேறு. அவர் பங்கின் முழுத் தொகைக்கும் 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பது வாங்குபவரின் கடமை, லாபத்துக்கு மட்டும் அல்ல. குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கலாம், அதற்குச் சில வாரங்கள் ஆகும். அவருடைய பணம், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அண்ணன் கணக்கில் வாங்கிப் பிறகு அனுப்புவது சரியாக வராது.

பதிவு நாளுக்கு முன் சாவியைக் கொடுக்காதீர்கள். "நல்ல நாள், பால் காய்ச்சிக்கொள்கிறோம்" என்று கேட்பார்கள், மறுக்கச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் மறுத்துவிடுங்கள். வாங்குபவரின் சொந்தப் பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்து, வங்கி கொடுக்கும் டி.டி.யில் நான்கு பேர் பெயரும் தொகையும் சரியா என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகம் நிரம்பி வழியும். வயதான அம்மாவைக் கூட்டிப்போவதால் காலை முதல் டோக்கனுக்கு முயற்சி செய்யுங்கள். கைரேகை சரியாகப் பதிய நேரமாகலாம், தண்ணீரும் மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

அன்றைக்கே மின் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு எல்லாம் அவர் பெயருக்கு மாறுவதற்கான ஒப்புதல் கடிதங்களில் நான்கு பேரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து இணையத்தில் உங்கள் பழைய வரி எண்ணைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள், மாறவில்லை என்றால் அவருக்குப் போன் செய்து நினைவூட்டுங்கள். பதிவான பத்திரத்தின் நகல், மதிப்பீட்டாளர் சான்று, கமிஷன் கொடுத்த ரசீது, டி.டி.எஸ். சான்று எல்லாவற்றையும் நான்கு பேரும் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருட வருமான வரிக் கணக்கில் நான்கு பேருக்கும் தனித்தனியே அவை தேவைப்படும்.